நாக்கில் வைத்துப் பார்த்தவர்

எழுத்துக்கும் எனக்கும் தூரம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டு, கேஸ் சிலிண்டருக்கு விண்ணப்பம், அம்மா உயிரோடு இருந்தவரை மாதம் ஒரு கடிதம், அவ்வளவுதான். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என் பேரைக் கேட்டால்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் இன்னொரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து ஆரணிக்குப் போனோம். பந்தியில் எனக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஐப்பசியில் இறந்துபோனார் என்று அவர்கள் பேச்சில்தான் தெரிந்துகொண்டேன்.

"அவரு மாதிரி ஆளு இனிமே கெடைக்காதுப்பா. மிஷினைப் பத்தி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டாரு."

"அவரே ஒரு வாட்டி சறுக்கிட்டாரே. அந்தப் பட்டுக்காரர் வூட்டு ஏசி. டீச்சருகிட்ட சரியா கீதுன்னு தலைய ஆட்டிட்டு, மறுநாள் போயி மாத்திச் சொன்னாரு. நடுவுல இன்னா நடந்துச்சோ, யாரு இன்னா குடுத்தாங்களோ."

அந்தப் பட்டுக்காரர் வீடு எங்கள் வீடு. என் இலையில் பாயசம் ஊற்றினார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயசம் இலையில் ஓடிச் சோற்றோடு சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் சறுக்கவில்லை. யாரும் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இது. அதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பேரை எழுதவில்லை. ஊரில் 'ஏசிக்காரர்' என்றால் அவர்தான். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அதுவும் பதினோரு வருஷத்தில் பத்துப் பதினைந்து தடவைதான் கூப்பிட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் தறிக்காரர்களிடம் பட்டுப் புடவை வாங்கிப் பெங்களூர்க் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அங்கிருந்து கடைக்காரர்களே நேரில் வந்து புடவை பொறுக்க ஆரம்பித்தார்கள். சித்திரை வெயிலில் ஒருவர், பாதிப் புடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மயக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். அந்த வருஷம்தான் முன்னறைச் சுவரை உடைத்துப் பெட்டி ஏசி ஒன்றை மாட்டினோம். எங்கள் தெருவில் அதுதான் முதல் ஏசி. பின்பக்கம் சந்தில் நீட்டிக்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகள் அதற்குக் கீழே நின்று, சூடான காத்து வருது, இது ஏமாத்து வேலை என்று கத்துவார்கள்.

அதை மாட்ட வந்தவர் அவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். எங்கள் முன்னறையில் தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் புடவைகளை அடுக்கி வைத்திருப்போம். எண்ணெய்க் கை ஒன்றில் பட்டால் போச்சு. அவர் அந்த அறையைக் கடக்கும்போது இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்த ஆள் மாதிரி ஓரமாக நடப்பார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "ஏசிக்காரரே, சரண்டரா?"

"கையி அழுக்குங்க முதலாளி. சொல்பேச்சு கேக்காது."

வேலை முடிந்ததும் அவர் மூன்று விஷயம் சொல்வார். என்ன கெட்டிருந்தது, தான் என்ன செய்தேன், தன்னால் என்ன செய்ய முடியவில்லை. இந்த மூன்றாவதை வேறு எந்த ரிப்பேர்க்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவை அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். அடுத்த தடவையிலிருந்து ஏசிக்காரர் திரும்பி, நடைக்கும் முன்னறைக்கும் நடுவில் தொங்கும் திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். திரைக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியும். வெளி ஆட்கள் வந்தால் நான் அங்கேதான் நிற்பேன்.

"தங்கச்சி, உங்ககிட்டதான் சொல்றேன். வூட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். முதலாளி மறந்துடுவாரு."

பதினோரு வருஷம் அப்படித்தான் சொன்னார். ஒரு தடவைகூட திரையை விலக்கச் சொன்னதில்லை. கேட்டதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு விதமாகச் சொல்வார். காயில் என்பது என்ன, கேஸ் எங்கே போய் எங்கே திரும்பும், சத்தம் மாறினால் எந்த இடத்தில் கோளாறு, எல்லாம் எனக்கு அந்தத் திரை வழியாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் எனக்கு அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

அவர் எந்த மிஷினையும் 'நல்லா இருக்குது' என்று சொன்னதில்லை. "இன்னிக்கு ஓடுது" என்பார். அவ்வளவுதான் அவர் கொடுக்கும் சர்டிபிகேட். கடைத்தெருவில் பழைய பிரிட்ஜ் விற்கிற ஒருவர், கல்யாணச் சீர் வாங்க வந்தவர்கள் முன்னால் இவரைக் கூப்பிட்டு, "எப்படி கீதுன்னு சொல்லுங்க" என்றாராம். இவர் கால் மணி நேரம் பிரிட்ஜ் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னிக்கு ஓடுது என்றாராம். பெண்ணின் அப்பா, "நாளைக்கு?" என்று கேட்டிருக்கிறார். "நாளைக்கு வந்து பாத்துத்தாங்க சொல்லணும்." கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "உன்னை இன்னா சாட்சி சொல்லவா கூப்ட்டேன்?" அந்தக் கடை வேலை அதோடு நின்றுபோனது. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யார் பழைய ஏசியோ பிரிட்ஜோ வாங்கினாலும், ஏசிக்காரர் பார்த்தாரா என்று கேட்காமல் கையை நீட்டுவதில்லை. சந்தவாசலிலிருந்து ஒரு குடும்பம் டிராக்டரில் பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் சாப்பிட்டு எழுந்து வரும்வரை அவர் வீட்டு வாசலில் விலை பேசாமல் காத்திருந்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே டிராக்டரில்.

ஒரு நாள் கோயிலில் அவர் மனைவியைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார்: "எங்க வூட்டுப் பிரிட்ஜையும் அவரு நல்லா கீதுன்னு சொன்னதில்ல. என் கொழம்பும் அப்படித்தான். 'இன்னிக்கு நல்லா கீது'ன்னுவாரு. இருபத்திரண்டு வருசமா இன்னிக்கு இன்னிக்குன்னு ஓட்டிகினு இருக்கேன்."

ஏசியை அவர் பார்க்கிற விதம் தனி. முதலில் அறையின் குளிரைக் கவனிக்கவே மாட்டார். "ரூமை மூடி வெச்சா யாரு வேணா குளிர் காட்டலாம்" என்பார். சந்துக்குப் போவார். அங்கே மிஷினிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டும். காற்றில் இருக்கிற ஈரத்தை மிஷின் பிடுங்கி வெளியே தள்ளுகிற தண்ணீர் அது. மிஷினுக்கு வயசாகி, கேஸ் குறைந்தால் சொட்டுவதும் குறையும். அவர் சொட்டை எண்ணுவார். பிறகு விரலில் ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைப்பார். உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது. ஏசித் தண்ணீர் சுத்தமாகச் சப்பென்று இருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஒரு தடவை திரைக்குள்ளிருந்து நானாகவே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, அதுல பருப்பு வேக வெக்கலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "வேணாம் தங்கச்சி. அதுல செம்பு கலந்திருக்கும், தூசி இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துங்க. வயித்துக்கு ஆவாது."

"நீங்க மட்டும் வாயில வெக்கிறீங்க."

"நான் துப்பிடறேனே. ருசி மாறிச்சின்னா வேற எங்கியோ இருந்து தண்ணி வருதுன்னு அர்த்தம். மழைத் தண்ணி, மாடித் தொட்டி ஒழுகறது, எதுனா. கண்ணு ஏமாந்துடும். நாக்கு ஏமாறாது."

ஒரு கோடையில் என் வீட்டுக்காரர் சாயம் போட்ட பாவுகளை ஏசி அறையில் வைத்தார். வெயிலில் சாயம் மங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல் தொகுதி. ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு போன தறிக்காரர் மறுநாளே திரும்ப வந்துவிட்டார். "இது பாவா, அப்பளமா? தொட்டா உடையுது" என்று வாசலில் நின்று கத்தினார். அன்றைக்கு ஏசிக்காரர் வேறு வேலையாக வந்திருந்தார். நூலை இரண்டு விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைய படுக்க வெக்கிற மாதிரி பாவையும் ஏசில படுக்க வெச்சீங்களா முதலாளி? மனுசனுக்கு சொகம். பட்டுக்கு ஈரம் வேணும். சந்துல சொட்டிச்சே, அது இந்த நூலோட தண்ணி. ரெண்டு நாள் ஈரக் காத்துல தொங்க வுடுங்க, திரும்பிடும்."

திரும்பிவிட்டது. தறிக்காரர் அதற்குப் பிறகு ஏசிக்காரரைப் பார்த்தால், "டாக்டரே" என்பார்.

நாங்கள் வீட்டை விற்க முடிவு செய்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் கழித்து. பெங்களூரில் ஒரு மொத்தக் கடையில் என் வீட்டுக்காரருக்குப் பங்கு கிடைத்தது. பெண்கள் இருவரும் அங்கே காலேஜில் சேர்ந்துவிட்டார்கள். ஆரணி வீடு விற்றால்தான் அங்கே வீடு பார்க்க முடியும். ஏசிக்கு அப்போது பதினோரு வயசு. அதை என்ன செய்வது என்று புரோக்கர், என் வீட்டுக்காரர், ஏசிக்காரர் மூவரும் முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் திரைக்குப் பின்னால் டீ டம்ளர்களோடு நின்றேன்.

புரோக்கர் சொன்னார்: "ஏசி ரூம் வீடுன்னு சொன்னாலே ஆளு வருவான். இல்லாட்டி வெறும் நாலு சுவரு."

"புதுசு மாட்டிடலாமா?"

"புதுசு மாட்டினா வாங்கறவன் அதுக்குன்னு தனியா குடுக்கப் போறானா? பழசே ஓடுதே, வுடுங்க."

என் வீட்டுக்காரர் ஏசிக்காரரைப் பார்த்தார். அவர் முன் வாரம்தான் மிஷினைக் கழற்றிப் பார்த்திருந்தார். மூன்று விஷயத்தையும் அப்போதே என்னிடம் சொல்லிவிட்டார். காயில் அரித்துவிட்டது, கேஸ் ஏற்றினால் நிற்காது. கம்ப்ரஸர் முக்குகிறது. தன்னால் இனிமேல் இதற்கு எதுவும் செய்ய முடியாது.

"புதுசு போடாதீங்க முதலாளி, அது வீண். ஒண்ணு, பழசு, ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டுக் குடுங்க. இல்லாட்டி நான் கழட்டிக் குடுத்துடறேன், ஓட்டையோட குடுங்க."

"ஓட்டை வூட்டை எவன் வாங்குவான்?"

"ஓட்டை கண்ணுக்குத் தெரியும் முதலாளி. தெரிஞ்சி வாங்கறது நல்லதுதானே."

புரோக்கர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஏசிக்காரர் போனபிறகு, "இவரு பேச்சைக் கேட்டா வூட்டை சும்மாதான் குடுக்கணும்" என்றார். ஒன்றும் முடிவாகவில்லை. மிஷின் அப்படியே இருந்தது. போட்டால் காற்று வரும், சத்தம் வரும். சந்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

பங்குனிக் கடைசியில் ஒரு டீச்சர் வீடு பார்க்க வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் கணவர் போளூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, முதுகெலும்பு உடைந்து, இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அவர்கள் குடியிருந்தது மாடி வீடு, ஓட்டுக் கூரை. வெயில் காலத்தில் முதுகில் புண் வந்து ஆறுவதில்லை என்று டீச்சர் சொன்னார். படி ஏறாத வீடு ஒன்றும், அதில் குளிர்ந்த அறை ஒன்றும் வேண்டும். வீட்டுக்கே கையில் இருப்பதெல்லாம் போய்விடும், ஏசி தனியாக வாங்க இப்போதைக்கு முடியாது, அதனால்தான் இந்த வீடு என்றார். முன்னறையின் நடுவில் நின்று, கட்டில் எங்கே போடலாம் என்று கையால் அளந்து பார்த்தார்.

"ஏசி ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாளான்னிக்கு ஏசிக்காரரைக் கூட்டிகினு வரேங்க. அவரு பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அட்வான்ஸ் குடுத்துடறேன்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஆள் வந்தால் காரியம் கெட்டது என்றார். "நீ ஒண்ணும் பேசாத. வர்றது வரட்டும்" என்றும் சொன்னார். அவர் என்னிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. இதற்கு மேல் நடந்ததில் அவருக்குப் பங்கில்லை. இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் அவரும் இப்போதுதான் தெரிந்துகொள்வார்.

மிஷின் தண்ணீர் சொட்ட வேண்டும். அதைத்தானே ஏசிக்காரர் முதலில் பார்ப்பார்? அது எனக்குத் தெரியும். எனக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியும். முன்பக்க மூடியைக் கழற்றினால் காயிலுக்குக் கீழே ஒரு தட்டு, அதில் சேர்கிற தண்ணீர் பின்னால் ஓடிக் குழாய் வழியாகச் சந்தில் விழும். இதையும் அவர்தான் சொல்லித் தந்தார். வாளியில் பிடித்த தண்ணீரை ஊற்றினால் வெதுவெதுப்பாக இருக்கும். அவர் விரலில் பட்டால் தெரிந்துவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே நாலு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பிரிட்ஜில் வைத்தேன். குடிக்கிற தண்ணீர் எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அதை வீணாக்க மனசு வரவில்லை. போர் தண்ணீரைப் பிடித்து வைத்தேன்.

அவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார் என்று பதினோரு வருஷமாகத் தெரிந்தவள். குளிர்ச்சியைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கே அறையைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, மிஷினைப் போட்டேன். என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் மூடியைக் கழற்றினேன். ஒரு பழைய டவலை மடித்துத் தட்டில் வைத்து, நாலு பாட்டில் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றினேன். டவல் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மூடியை மாட்டினேன். சமையலறை ஜன்னல் சந்தைப் பார்த்து இருக்கும். அங்கே போய் நின்று பார்த்தேன். டக், டக் என்று அழகாகச் சொட்டியது. நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். நல்ல வேலை செய்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

ஒன்பதரைக்கு டீச்சர் வந்தார். பின்னாலேயே மொபெட்டில் ஏசிக்காரர். முன்னறையில் அப்போது புடவை எதுவும் இல்லை. அவர் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே ஓரமாக நடந்தார். மிஷின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எப்போதும் பத்து நிமிஷம் உட்காருவார். அன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். சந்துக்குப் போனார். டீச்சரும் கூடவே போனார்.

நான் சமையலறை ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்றேன். அவர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன தடவை அவர் பார்த்தபோது காய்ந்து கிடந்த குழாய். அவருக்கு முகத்தில் ஆச்சரியம் வந்தது. விரலை நீட்டினார். சொட்டு விழுந்தது. நாக்கில் வைத்தார்.

துப்பவில்லை. விழுங்கிவிட்டார். அவர் தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன்.

"இன்னாங்கண்ணா, எப்படி இருக்குது?" என்றார் டீச்சர்.

அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வலைக்குள் நான் தெரிந்திருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். கோபம் இல்லை. கடைத்தெருவில் வழி தவறிய குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வருதுங்க டீச்சர்."

"அப்ப சரிதானுங்களே?"

அவர் தலை லேசாக அசைந்தது. அது ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். டீச்சர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

முன்னறைக்கு வந்து டீச்சர் ஒரு நிமிஷம் என்று சொல்லி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஜெபம் செய்தார். 'இந்த அறைக்காக ஸ்தோத்திரம்' என்று ஒரு வார்த்தை எனக்குத் திரைக்குள் கேட்டது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். திரைக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வாழ்ந்த வீடுன்னு பாத்தாலே தெரியுதுங்க. எங்க வூட்டுக்காரரு இனிமே நிம்மதியா தூங்குவாரு." என் கை பிரிட்ஜ் பாட்டில் பிடித்து இன்னும் சில்லென்று இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பட்டென்று இழுத்துக்கொண்டேன்.

டீச்சர் போனபின் அவர் கொஞ்ச நேரம் நின்றார். என் வீட்டுக்காரர் உற்சாகமாக, டீ கொண்டு வரச் சொன்னார். "இருக்கட்டுங்க முதலாளி" என்றார். என் வீட்டுக்காரர் கவரை உள்ளே வைக்கப் போனார். அவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று விஷயத்துக்காக நான் காத்திருந்தேன்.

"உப்புத் தண்ணியப் பிரிட்ஜில வெக்காதீங்க தங்கச்சி" என்றார், மெதுவாக. "பாட்டில் உள்ள வெள்ளையா பூத்துக்கும். அப்பால எவ்ளோ தேச்சாலும் போவாது."

அவ்வளவுதான். மொபெட் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் எங்கள் வீட்டை வாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து மார்க்கெட் வாசலில் என் வீட்டுக்காரர் ஏசிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருசம் எங்க வூட்டுல டீ குடிச்சியே, நன்றி கீதா? இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு பேசறதுக்கு உனக்கு யாரு குடுத்தாங்க?" என்று நாலு பேர் கேட்கக் கத்தினார். பந்தியில் பேசியவர் சொன்ன வார்த்தை அங்கே பிறந்ததுதான். நான் ஆட்டோவில் காய்ப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை ஆட்டோப் பக்கம் பார்த்தார். நான் பையில் கீரை வாடிவிட்டதா என்று பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் இறந்தபிறகு எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு மிஷின் பார்க்க அவரைக் கூப்பிடுகிறவர்கள், கூடவே வேலூரிலிருந்து ஒரு ஆளையும் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் யாரிடமும் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆரணியில் அது அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருவுக்கு வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து வீட்டை ஒரு பவர்லூம்காரர் வாங்கினார். ஏசி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. தறி வைக்க இடம் வேண்டும் என்று அவர் முதலில் இடித்தது அந்த முன்னறைச் சுவரைத்தான்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இவ்வளவு எழுதியதும் இதைத் தள்ளிப்போடத்தான் என்று நினைக்கிறேன்.

அட்வான்ஸ் வாங்கிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏசிக்காரர் டீச்சர் வீட்டுக்குப் போய், நேத்து நான் சரியாப் பாக்கல, அந்த மிஷின் இந்தக் கோடையைத் தாங்காது, என் தப்புதான் என்று சொல்லிவிட்டு வந்தார். பத்து மணிக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "அவரு இப்படி மாத்திப் பேசற ஆளு இல்லையே. நேத்து இன்னா நடந்துச்சி? உங்களுக்கு எதுனா தெரியுங்களா?" என்று கேட்டார். எனக்கு மிஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க என்று சொல்லி, கவரை எடுத்துக் கொடுத்தேன்.